துடுப்பு யார் கையில், கேமரா யார் கையில்?

எங்கள் மாலைநேரப் படிப்பகப் பிள்ளைகளைத் தை மாதத்தில் பிச்சாவரம் அழைத்துப் போயிருந்தோம். படங்களைப் பார்த்த தோழர்கள் இரண்டு வகையான கேள்விகளைக் கேட்டார்கள். எவ்வளவு செலவாகும், எந்த மாதம் போகலாம் என்பது ஒன்று. வழக்கு, மனு, களஆய்வு என்று ஓடிக்கொண்டிருக்கும் நீங்கள் படகு சவாரிக்கு ஏன் போனீர்கள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லலாம்: வலசைப் பறவைகள் வந்திருக்கும் மார்கழி, தை, மாசியில் போங்கள், வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். இரண்டாவது கேள்விக்கு இந்தக் கட்டுரைதான் பதில்.

சிதம்பரம் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் நந்தனை மறந்துவிட்டு எதையும் பேச முடியாது. பெரியபுராணம் அவருக்கு வைத்திருக்கும் பெயர் திருநாளைப்போவார். 'நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய நந்தனார் சரித்திரத்தில் ஓர் ஆண்டை வருகிறார். அவரிடம் நந்தன் ஒருநாள் விடுப்புக்காகக் கெஞ்சுகிறார். நட்டு, விளைவித்து, அறுத்து முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. பக்திக் கதையாக மட்டும் படித்தவர்களுக்கு இது பக்தனுக்கு வந்த சோதனை. எங்களுக்கு இது ஒரு கூலித்தொழிலாளி தான் பார்க்க ஆசைப்பட்ட இடத்துக்குப் போக ஒருநாள் லீவு கேட்ட கதை. கடைசியில் போய்ச் சேர்ந்த இடத்திலும் தீயில் இறங்காமல் உள்ளே நுழைய முடியவில்லை.

ஓய்வுக்கும் சாதிக்கும் உள்ள உறவு இதுதான். எங்கள் சமூகவியல் வகுப்பில் ஓய்வு பற்றித் தனியாக ஒரு பாடமே இருந்தது. தொழிற்புரட்சி வந்தது, வேலை நேரம் குறைந்தது, வார விடுமுறை பிறந்தது என்று ஐரோப்பாவைச் சுற்றி வந்தது அந்தப் பாடம். சேரி என்ற சொல் அதில் ஓர் இடத்திலும் இல்லை. நம் ஊரில் ஓய்வு என்பது ஒரு சாராருக்கு உரிமை, இன்னொரு சாராருக்குச் சோம்பேறித்தனம். வயல்வேலை இல்லாத நாளில் காலனி இளைஞர்கள் மதகில் உட்கார்ந்திருந்தால் 'வெட்டிப் பசங்க'. அதே மதகில் காரை நிறுத்திவிட்டு வெளியூர்க்காரர் உட்கார்ந்தால் அவர் இயற்கையை ரசிக்கிறார்.

எங்கள் படிப்பகத்தில் இருந்து இருபத்தாறு பிள்ளைகள் வந்தார்கள். பெரும்பாலோர் காலனிப் பிள்ளைகள், ஐந்து பேர் இருளர் குடியிருப்பில் இருந்து வருகிறவர்கள். இவர்களின் வீடுகள் எல்லாமே பிச்சாவரத்தில் இருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் இருளர் பிள்ளைகளைத் தவிர ஒருவர்கூட அந்தக் காட்டைப் பார்த்ததில்லை. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கும் காடு அது. 1975இல் வந்த 'இதயக்கனி' படத்தால் ஊருக்கெல்லாம் தெரிந்தது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலகத்துக்கே தெரிந்தது. பக்கத்துச் சேரிப் பிள்ளைகளுக்குத்தான் தெரியவில்லை.

படகுத்துறையில் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடும்போது, யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்று கேட்டோம். ஏழு கைகள் உயர்ந்தன. ஐந்து கைகள் இருளர் பிள்ளைகளுடையவை. ஆறும் வாய்க்காலும் குளமும் நிறைந்த காவிரிக் கடைமடையில் பிறந்த மற்ற பத்தொன்பது பேருக்கும் நீச்சல் தெரியவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. குளம் ஊருக்குள் இருக்கிறது, காலனி ஊருக்கு வெளியே இருக்கிறது. அவர்களுடைய தாத்தா பாட்டிகள் அந்தக் குளத்தில் கால் நனைக்க முடியாதவர்கள். அப்பா அம்மாக்கள், எதற்கு வம்பு என்று பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பாதவர்கள். தடை சொன்ன வாய்கள் செத்துப்போன பிறகும் தடை உடம்புக்குள் தங்கிவிடுகிறது. நீந்தத் தெரியாத உடம்பாகத் தங்கிவிடுகிறது.

1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார் அண்ணல் அம்பேத்கர். அவர் பின்னால் ஆயிரக்கணக்கானோர் குடித்தார்கள். பிறகு அந்தக் குளத்தைச் சாதி இந்துக்கள் சடங்கு செய்து 'தூய்மை'ப்படுத்தினார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இடையில் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்தியாவில் தண்ணீர் ஒருபோதும் வெறும் தண்ணீராக இருந்ததில்லை. எங்கள் பிள்ளைகள் படகில் ஏறி, தயங்கித் தயங்கிக் கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டது வேடிக்கைக்காக மட்டும் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

விசைப்படகு வேண்டாம், துடுப்புப் படகே போதும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். மோட்டார்ச் சத்தத்துக்குப் பறவை நிற்காது, குறுகிய வாய்க்கால்களுக்குள் அது போகவும் முடியாது. இதை நாங்கள் கற்றுக்கொண்டது காரங்காட்டில். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடலோரக் கிராமத்தில், வனத்துறை ஊர் மக்களோடு சேர்ந்து அலையாத்திக் காட்டுச் சுற்றுலா நடத்துகிறது. முந்தைய ஆண்டு எங்களில் நான்கு பேர் அங்கே கயாக் ஓட்டினோம். கயாக்கில் உட்கார்ந்தால் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலேதான் இருப்போம். கொக்கு நின்று மீன் பார்ப்பது எந்த உயரத்திலோ கிட்டத்தட்ட அதே உயரம். பக்கத்துக் கயாக்கில் வந்த ஊர்க்காரத் தம்பி திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார்: "துடுப்ப அடிக்காதீங்க, நனைங்க." அடித்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் நீர்க்காகம் எழுந்துவிடும். அரைமணி நேரத்தில் எங்கள் தோள் கழன்றது. நாள் முழுக்கத் துடுப்புப் போடுகிறவர்களின் தோள் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் உடம்பால் தெரிந்தது.

கயாக் என்பதே முதலில் விளையாட்டுப் பொருள் இல்லை. வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் போன்ற பழங்குடிகள் மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகு அது. சத்தமில்லாமல் இரையை நெருங்கவேண்டும் என்ற தேவையில் பிறந்தது. இன்று அதே அமைப்பில் பிளாஸ்டிக்கில் வார்த்து, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறார்கள். நம் கட்டுமரத்துக்கும் இதே கதைதான். அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டுபோய்ப் பணக்காரர்களின் உல்லாசப் படகுக்கு 'கேட்டமரான்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். உழைக்கும் மக்களின் அறிவு, உழைக்காதவர்களின் பொழுதுபோக்காக மாறும்போது முதலில் காணாமல் போவது அந்த மக்களின் பெயர்தான்.

பிச்சாவரத்தில் எங்கள் படகை ஓட்டிய அண்ணன் எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராததைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். சேற்றில் இருந்து பென்சில் நட்டுவைத்ததுபோல மேலே நீட்டிக்கொண்டிருப்பவை வெண்கண்டலின் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. வெண்கண்டல் இலையை நக்கிப் பார்க்கச் சொன்னார். உப்புக் கரித்தது. வேர் வழியாக ஏறிய உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியேற்றுகிறது. சுரபுன்னையின் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீளமாக வளர்ந்து, ஈட்டிபோலச் சேற்றில் விழுந்து குத்தி நிற்கும். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் நண்டு அதை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டது. சேற்றில் தாவும் மீனைப் பார்த்து ஒரு பையன், "மீனா தவளையா, ஒரு முடிவுக்கு வா" என்று கத்த, வேர்மேல் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி பறந்துவிட்டது. அண்ணன் சிரித்துக்கொண்டே உதட்டில் விரல் வைத்தார்.

ஒரு திருப்பத்தில் தில்லை மரத்தைக் காட்டினார். அதன் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் இது. ஊரில் அந்தக் காடு இல்லை, இங்கே இருக்கிறது. நந்தன் போக ஆசைப்பட்ட தில்லை இதுதானா என்று எட்டாம் வகுப்பு மாணவி கேட்டாள். பெயர் இதில் இருந்து வந்ததுதான் என்றோம். "அப்ப நாம இன்னைக்கே வந்துட்டோம்ல" என்றாள்.

சிறிது நேரத்தில் வாய்க்கால் அகன்றது. மார்பளவுத் தண்ணீரில் நான்கைந்து பெண்கள் குனிந்து நின்று, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓலையில் பின்னிய பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கவேண்டும் என்பதால் பறியைப் பிடிக்க வாய்தான் இருக்கிறது. இந்தக் காட்டில் இருளர் மக்கள் தலைமுறையாகச் செய்துவரும் தொழில் இது. வலைக்கும் படகுக்கும் வழியில்லாத குடும்பங்களுக்குக் கையேதான் வலை. சேற்றுக்குள் கெளிறு குத்தும், சிப்பி கிழிக்கும்.

எங்களுக்கு முன்னால் போன இன்னொரு படகில் ஒரு குடும்பம் இருந்தது. கொக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்த கேமரா அப்படியே திரும்பி இந்தப் பெண்கள் மேல் வந்து நின்றது. "அங்க பாரு, அங்க பாரு, வாயில வச்சிருக்காங்க பாரு" என்று ஒரு குரல் கேட்டது. பறவைக்குச் சொன்ன அதே 'அங்க பாரு'.

எங்கள் படகில் இருந்த பத்தாம் வகுப்பு இருளர் மாணவி எழுந்து நின்றாள். படகு ஆடியது. "அது எங்க சின்னம்மா" என்றாள் எங்களிடம். பிறகு தண்ணீரைப் பார்த்து, "சின்னம்மோவ்!" என்று கூப்பிட்டாள். வாயில் பறி இருந்ததால் அந்த அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. சேற்றுக் கையை உயர்த்திக் காட்டினார். எங்கள் பிள்ளைகள் இருபத்தாறு பேரும் கையசைத்தார்கள். முன்படகின் கேமரா கீழே இறங்கியது. யாரும் யாரையும் திட்டவில்லை. அந்த அம்மாவுக்கு ஒரு மகள் முறை இருக்கிறது, அவள் படகில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவும் வருவாள் என்று தெரிந்ததே போதுமாக இருந்தது.

திரும்பும்போது காலனிப் பையன் ஒருவன் சொன்னான்: "எங்க ஆயா நாத்து நடும்போதும் இப்படித்தான் க்கா, ரோட்டுல கார நிறுத்திட்டு எடுப்பாங்க. ஆயா குனிஞ்சே இருக்கும், நிமிந்தா மொகம் வந்துரும்னு."

இதை வெறும் கேமரா ஒழுக்கமாகச் சுருக்கிவிட முடியாது. காட்டு மக்களைக் காட்டின் ஒரு பகுதியாகப் பார்ப்பதும், அதே மக்களைக் காட்டின் எதிரியாகப் பார்ப்பதும் ஒரே பார்வையின் இரண்டு பக்கங்கள். பிச்சாவரத்தின் வரலாறே அதற்குச் சாட்சி. இந்தக் காட்டின் பெரும்பகுதி ஒரு காலத்தில் பட்டுப்போனது. மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள் என்று பழி சுற்றுவட்டார ஏழைகள் மேல் விழுந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மண்ணையும் நீரோட்டத்தையும் ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை அரசே காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து மொட்டையாக வெட்டியிருந்தது. நிழல் போன மண் வெயிலில் காய்ந்து உள்வாங்கிக் குழிந்தது. குழியில் தேங்கிய கடல்நீர் வற்றி உப்பு ஏறியது. உப்பில் எந்தக் கன்றும் பிழைக்கவில்லை. மீன் முள்ளைப் போல நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் பக்கங்களில் சிறு வாய்க்கால்களும் வெட்டி, கடல்நீர் வந்து போக வழிசெய்த பிறகுதான் கன்றுகள் பிடித்தன. அந்த வாய்க்கால்களை வெட்டியதில் பழி சுமந்த அதே கிராமத்து மக்களின் கைகள் இருந்தன. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் திறந்த கடற்கரைக் குப்பங்களைவிடக் குறைவாகப் பாதிக்கப்பட்டதைப் பலரும் எழுதினார்கள். தூரமும் மேடும்தான் காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. ஆனால் காட்டைத் திரும்ப வளர்த்தவர்களின் பெயரை யாரும் கேட்கவில்லை.

இந்தப் பார்வை முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வங்காளத்தின் சுந்தரவனம் இருக்கிறது. அதுவும் அலையாத்திக் காடுதான். தண்டகாரண்ய முகாம்களில் இருந்து வந்த, பெரும்பாலும் நாமசூத்திரர்களான தலித் அகதிகள் 1978இல் மரிச்ஜாப்பி தீவில் குடியேறினார்கள். தங்கள் கையாலேயே பள்ளிக்கூடமும் குழாய்க் கிணறும் அமைத்துக்கொண்டார்கள். அது காப்புக்காடு என்று சொன்னது இடதுசாரி அரசு. 1979 ஜனவரியில் தீவைச் சுற்றி வளைத்து உணவையும் தண்ணீரையும் தடுத்தது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. மே மாதத்தில் குடிசைகளை எரித்து மக்களை வெளியேற்றினார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் அரசுக் கணக்கும் உயிர் பிழைத்தவர்களின் கணக்கும் ஒட்டவே இல்லை. புலிக்கு இருந்த இடம் அந்த மனிதர்களுக்கு இல்லை. இன்று சுந்தரவனத்தில் படகில் போகிறவர்களுக்கு மரிச்ஜாப்பியை யார் காட்டுகிறார்கள்?

காட்டு உயிர்களைப் பாதுகாக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கொக்கும் நண்டும் நரியும் நீர்நாயும் இருக்கவேண்டும். அவற்றோடு சேர்ந்து வாழ்கிறவர்கள் சட்டத்தின் முன் குடிமக்களாகவும் இருக்கவேண்டும் என்கிறோம். படகில் எழுந்து நின்றாளே, அந்த மாணவிக்குப் பழங்குடிச் சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை. இருளர்கள் அரசாலேயே மிகவும் நலிவுற்ற பழங்குடியாக அறிவிக்கப்பட்டவர்கள். ஆனால் சான்றிதழுக்காக அவளையும் அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு நாங்கள் ஏறி இறங்கிய ஓர் அலுவலகத்தில் கேட்ட கேள்வி: "பாம்பு பிடிப்பீங்களா? எலி பிடிப்பீங்களா? நல்லா சுடிதார் போட்டுருக்கே, இருளர் மாதிரி தெரியலையே?" படிக்கப் போனால் இருளர் இல்லை, சேற்றில் நின்றால் வேடிக்கைப் பொருள். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பில் சேரவேண்டும், விடுதிக்கு விண்ணப்பிக்கவேண்டும், உதவித்தொகை வாங்கவேண்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகளை வெளிப்படையாகவே வைக்கிறோம். அலையாத்திக் காடுகளில் கயாக் வரட்டும், துடுப்புப் படகு பெருகட்டும். சத்தமும் புகையும் குறையும் என்றால் வரவேற்போம். ஆனால் வழிகாட்டி வேலைக்குக் காட்டை அறிந்த இருளர், மீனவர், தலித் இளைஞர்களை, பெண்களையும் சேர்த்து, முதலில் எடுக்கவேண்டும். பட்டப்படிப்பை அளவுகோலாக வைத்து அவர்களை வெளியே நிறுத்தக் கூடாது. கட்டணத்தில் ஒரு பங்கு எந்தக் குடியிருப்புக்குப் போகிறது என்பதைக் கிராம சபையில் கணக்காகப் படிக்கவேண்டும். இறால் பிடிக்கும் இடங்களும் நேரங்களும் படகுப் பாதைக்காகப் பறிபோகக் கூடாது. வேலை செய்கிறவர்களை அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்பதையும், பறவையைக் கலைக்கக் கூடாது என்ற பலகையின் பக்கத்திலேயே எழுதி வைக்கவேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு நாளாவது இந்தக் காடுகளைக் கட்டணமில்லாமல் திறந்துவிடவேண்டும்.

சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பெயரில் கல்வி நிறுவனம் தொடங்கினார் சுவாமி சகஜானந்தர். தீயில் இறங்கியவர் என்று கதை சொன்ன பெயரைப் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு வைத்தார். நாங்கள் செய்ய நினைப்பது அந்த வழியில் மிகச் சிறிய ஒரு வேலை. கோடை விடுமுறையில் படிப்பகப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தரப் போகிறோம். சொல்லித்தர முன்வந்திருப்பவர்கள் இருளர் குடியிருப்பின் அண்ணன்களும் அக்காக்களும். ஊர்ப் பொதுக் குளத்திலேயே நடத்த அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். பொதுக் குளத்துக்கு எதற்கு அனுமதி என்று நீங்கள் கேட்கலாம். மனுவின் கடைசி வரியில் நாங்களும் அதைத்தான் எழுதியிருக்கிறோம். நீச்சல் தெரிந்த தோழர்கள், குறிப்பாகப் பெண்கள், சித்திரையில் ஒரு வாரம் ஒதுக்க முடியுமானால் வாருங்கள். மாற்று உடையும் ஒரு துண்டும் போதும்.

ஜெய்பீம்.